ஐந்நூறு டாலர் நிலத்துக்கு ஒரு வழக்கு

ஜனவரி பிறந்தால் போதும், அரிசோனாவில் ஃபீனிக்ஸ், சாண்ட்லர் பக்கத்துத் தமிழ் வாட்ஸப் குழுக்களில் டேக்ஸ் லீன், அதாவது அடுத்தவரின் சொத்து வரிப் பாக்கியை ஏலத்தில் வாங்குவது பற்றிய வீடியோக்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். வாடகைக் காருக்கு முன்னால் நின்றுகொண்டு ஒருவர், "வருடம் 16 சதவீத வட்டி, வசூல் பண்ணித் தருவது அரசாங்கம், பணம் வரவில்லை என்றால் நிலமே உங்களுக்கு" என்பார். அதற்கப்புறம் எனக்குப் போன் வர ஆரம்பிக்கும், நான் சில வருடங்களாக இதில் கை வைத்திருக்கிறேன் என்பது இங்கே பலருக்குத் தெரியும் என்பதால். இந்த முறை ஒரு நண்பர் அபாச்சி கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) வரிப் பாக்கிப் பட்டியலிலிருந்து காலிமனைகளை மட்டும் பொறுக்கி எக்செல்லில் போட்டு அனுப்பினார். எல்லாம் ஐம்பது, அறுபது, எண்பது டாலர் பாக்கி. "அண்ணா, ஆயிரம் டாலரில் பதினைந்து இடத்துக்கு லீன் வாங்கிப் போடலாம், பாதிப் பேர் கட்டாமல் விட்டால்கூட ஏழு மனை நம்ம கையில்" என்றார். கட்டாமல் விடுவார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மனை கையில் வருமா என்பதுதான் கேள்வி, வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். அரிசோனாவில் சொத்து வரியை வசூலிப்பது கவுண்டி. முதல் தவணையை நவம்பர் 1-க்குள், இரண்டாவதை மே 1-க்குள் கட்ட வேண்டும், தாண்டினால் வருடம் 16 சதவீதம் தனிவட்டி ஓடும். அப்படியும் கட்டாமல் கிடந்தால் அடுத்த பிப்ரவரியில் கவுண்டி டிரஷரர் அந்தப் பாக்கியை ஏலம் விடுவார். இங்கே ஏலம் போவது நிலம் இல்லை, அந்தப் பாக்கியை வட்டியோடு திரும்பப் பெறும் உரிமை. ஏலமும் கீழ்நோக்கித்தான் போகும், 16-ல் ஆரம்பித்து யார் குறைந்த வட்டிக்குச் சம்மதிக்கிறாரோ அவருக்கு. நீங்கள் பாக்கியைக் கட்டுகிறீர்கள், உங்கள் பெயருக்கு ஒரு சான்றிதழ் வருகிறது, இனி சொந்தக்காரர் கட்டும்போது டிரஷரர் வாங்கி உங்களுக்கு அனுப்புவார். இந்த உரிமை வங்கியின் வீட்டுக் கடனுக்கும் முன்னால் நிற்கும், அதனால்தான் இவ்வளவு மவுசு. மூன்று வருடம் ஆகியும் யாரும் வந்து மீட்கவில்லை என்றால் நீங்கள் சுப்பீரியர் கோர்ட்டில் வழக்குப் போட்டு, சொந்தக்காரரின் மீட்கும் உரிமையை முடித்துவைக்கக் கேட்கலாம். அதுதான் ஃபோர்க்ளோஷர். வழக்கே போடாமல் பத்து வருடம் விட்டால் லீன் காலாவதி, போட்ட பணத்துக்குக் கேள்வி கேட்க ஆளில்லை.

எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. ஃப்ளோரிடாவில் இரண்டு வருடம் கழித்து விண்ணப்பம் கொடுத்தால் கோர்ட் கிளார்க் நிலத்தை ஏலம் விட்டு உங்கள் பணத்தைத் தருவார், வழக்குக் கிடையாது. அந்த வீடியோக்காரர்கள் ஃப்ளோரிடா கதையை அரிசோனாவுக்கும், அரிசோனா வட்டியை ஃப்ளோரிடாவுக்கும் மாற்றி மாற்றிப் பேசுவதில்தான் பாதிக் குழப்பம்.

சரி, யார் மீட்பார்கள், யார் மாட்டார்கள்? ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு லீன் வாங்கினால் அநேகமாகப் பணம் வந்துவிடும். சொந்தக்காரர் கட்டாவிட்டால் அவருக்குக் கடன் கொடுத்த வங்கி கட்டும், தன் அடமானம் போய்விடுமே என்ற பயத்தில். இது பெரிய முதலீட்டு நிறுவனங்களுக்கும் தெரியும் என்பதால் அங்கே போட்டி போட்டு வட்டியைத் தரைக்கு இறக்கிவிடுவார்கள். வடக்கே அபாச்சி, நவஹோ, மேற்கே மொஹாவி கவுண்டிகளின் காலிமனைகளில் மட்டும் பதினாறு அப்படியே நிற்கும், ஏலத்தில் கேட்க ஆளே இல்லாமல் மாநிலத்தின் பெயரில் போய்ச் சேர்ந்த லீன்களை ஏலம் முடிந்தபின் டிரஷரரிடமே நேராக வாங்கலாம், அதுவும் 16 சதவீதத்தில். நண்பர் இதைத்தான் புதையல் என்று நினைத்தார். வேலையே இதுவாக இருக்கும் ஆட்கள் தொடாமல் விட்டுப்போனது ஏன் என்று அவர் யோசிக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அரிசோனாவில் காலிமனைக்குக் கவுண்டி வைக்கும் மதிப்பில் 15 சதவீதத்துக்குத்தான் வரி. 800 டாலர் மனை என்றால் 120 டாலருக்கு வரி, நூறுக்குப் பன்னிரண்டு டாலர் வீதம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 14 டாலர் 40 சென்ட். இரண்டு மூன்று வருடப் பாக்கி, கட்டணம் எல்லாம் சேர்ந்துதான் அந்த ஐம்பது அறுபது. அறுபது டாலருக்கு 16 சதவீதம் என்பது வருடம் ஒன்பது டாலர் அறுபது சென்ட். சாண்ட்லரில் ஒரு மசால் தோசைக்குக் காணாது. ஆக வட்டிக்காக இதை யாரும் வாங்க முடியாது, நிலத்துக்காகத்தான் வாங்க வேண்டும். வருடம் 14 டாலர் கட்டி வைத்துக்கொள்ளக்கூட மனசில்லாமல் சொந்தக்காரர் கைவிட்ட நிலம் அது, அதை மறக்காமல் வாங்க வேண்டும்.

இந்த மனைகள் எங்கிருந்து வந்தன என்பது ஒரு தனிக் கதை, எனக்கு இதில் பிடித்த பகுதியும் அதுதான். 1866-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ரயில் கம்பெனிக்கு இந்தப் பக்கம் நிலம் கொடுத்தபோது, பாதையின் இரண்டு பக்கமும் ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைல் என்று கொடுத்தது. வரைபடத்தில் பார்த்தால் சதுரங்கப் பலகை. ரயில்காரர் கட்டங்கள் கைமாறிக் கைமாறிக் கால்நடைப் பண்ணைகளாகி, 1960, 70-களில் புரமோட்டர்கள் கைக்கு வந்து, நாற்பது ஏக்கர், ஒன்றேகால் ஏக்கர் என்று கூறு போடப்பட்டு, பனி கொட்டும் ஒஹையோவிலும் மிச்சிகனிலும் இருந்தவர்களுக்குத் தபாலிலும் டின்னர் பார்ட்டிகளிலும் விற்கப்பட்டன. நம் ஊர் ஹைவே ஓரங்களில் கலர்க் கொடியும் மஞ்சள் கல்லும் நட்டு வேனில் ஆள் கூட்டிப்போய் மனை விற்றார்களே, அதே வியாபாரம், இங்கே வேன்கூட இல்லை. தண்ணீர் கிடையாது, மின்சாரம் கிடையாது, சாலை என்று வரைபடத்தில் கோடு மட்டும் இருக்கும். நெட் வாரன் என்ற ஆளை அரிசோனா நில மோசடியின் காட்ஃபாதர் என்றே பத்திரிகைகள் எழுதின, 1980-ல் சிறையில் செத்தார். இந்த மோசடிகளைப் பல வருடம் தோண்டி எழுதிய டான் போல்ஸ் என்ற நிருபரை 1976-ல் ஃபீனிக்ஸில் காருக்குக் குண்டு வைத்துக் கொன்றார்கள். மாநிலம் விட்டு மாநிலம் மனை விற்பவர்கள் எல்லா விவரத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 1968-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் அதற்குள் கூறு போட்டது போட்டதுதான். அன்றைக்கு வாங்கியவர்கள் இன்று பெரும்பாலும் உயிரோடு இல்லை. பிள்ளைகளுக்கு நிலம் இருப்பதே தெரியாது, தெரிந்தவர்களுக்கு அது வேண்டாம். வரி நோட்டீஸ் மட்டும் இன்னும் அந்தப் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது ஃபோர்க்ளோஷருக்கு வருவோம், ஏனென்றால் வீடியோக்காரர் சொல்லும் "நிலமே உங்களுக்கு" என்கிற அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு முழு சிவில் வழக்கு ஒளிந்திருக்கிறது.

வழக்குப் போடுவதற்குக் குறைந்தது முப்பது நாள் முன்னால் சொந்தக்காரருக்கும் டிரஷரருக்கும் செர்டிஃபைட் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். இதை விட்டால் வழக்கு நிற்காது. அதற்கும் முன்னால் டைட்டில் கம்பெனியில் தேடச் சொல்லி ஒரு அறிக்கை வாங்க வேண்டும், நம் ஊர் வில்லங்கச் சான்று மாதிரி, யார் யாருக்கு இதில் பாத்தியதை இருக்கிறது என்று தெரிய. அடமானம் இருந்தால் கடன் கொடுத்தவர், குடியிருப்போர் சங்கத்துக்குப் பாக்கி இருந்தால் சங்கம், வருமான வரித் துறை கை வைத்திருந்தால் அமெரிக்க அரசாங்கம், எல்லாரையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும். ஒருவரை விட்டாலும் அவர் உரிமை அப்படியே இருக்கும். சொந்தக்காரர் இறந்திருந்தால் வாரிசுகளைத் தேட வேண்டும், தேடியும் கிடைக்காதவர்களுக்கு அந்தக் கவுண்டி செய்தித்தாளில் நான்கு வாரம் விளம்பரம். யாரும் பதில் போடவில்லை என்றால் ஒருதலைத் தீர்ப்பு கேட்கலாம், அதற்கும் பிரதிவாதி ராணுவத்தில் பணியில் இல்லை என்று பிரமாணப் பத்திரம் வேண்டும். இவ்வளவும் முடிந்து தீர்ப்பு வந்தால் டிரஷரர் உங்கள் பெயருக்குப் பத்திரம் தருவார். தீர்ப்பு வருகிற நிமிடம்வரை சொந்தக்காரர் வந்து பாக்கியைக் கட்டி மீட்கலாம். அப்படி வந்தால் உங்கள் வழக்குச் செலவையும் கோர்ட் நிர்ணயிக்கும் அளவுக்கு அவர் தர வேண்டும். உண்மையைச் சொன்னால், சின்ன மனையில் அதுதான் நமக்கு நல்ல முடிவு.

கவனிக்க வேண்டியது, இந்தச் செலவு நிலத்தின் விலையைப் பார்த்து ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ஐந்து லட்சம் டாலர் வீட்டுக்கும் ஐந்நூறு டாலர் மண்ணுக்கும் அதே கோர்ட் கட்டணம், அதே விளம்பரம், அதே வக்கீல். நான் விசாரித்த வக்கீல்கள் எதிர்ப்பில்லாத வழக்குக்கே இரண்டாயிரம் டாலரை ஒட்டித்தான் கேட்டார்கள், செலவுகள் தனி. இது அநியாயம் என்று புலம்புகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் சொத்தைப் பறிக்கிறோம், அவருக்குத் தெரிந்துதான் பறிக்கிறோமா என்று கோர்ட் கேட்கத்தானே செய்யும். ஆர்கன்சாவில் ஒருவர் வீட்டை வரிப் பாக்கிக்கு விற்றார்கள், அவருக்கு அனுப்பிய செர்டிஃபைட் தபால் யாரும் வாங்காமல் திரும்பி வந்திருந்தது. தபால் திரும்பி வந்தது தெரிந்தும் வேறு முயற்சி எடுக்காமல் விற்றது செல்லாது என்று 2006-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கப்புறம் வந்ததுதான் 2023-ன் மின்னசோட்டா வழக்கு. ஜெரால்டின் டைலர், 94 வயது, மினியாபொலிஸில் அவருடைய அபார்ட்மென்ட். அசல் வரிப் பாக்கி 2,300 டாலர், வட்டியும் அபராதமும் சேர்ந்து 15,000 ஆனது. கவுண்டி அதை எடுத்து 40,000-க்கு விற்று மிச்சம் 25,000-ஐயும் தானே வைத்துக்கொண்டது. மிச்சத்தை வைத்துக்கொள்ள உரிமை இல்லை என்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்பு எழுதினார்கள்.

அந்தத் தீர்ப்பின் பின்னால் பல மாநிலங்கள் சட்டத்தை மாற்றின, அரிசோனாவும் 2024-ல் மாற்றியது. இப்போது ஃபோர்க்ளோஷர் வழக்கில் சொந்தக்காரர், "நிலத்தை ஏலம் விடுங்கள், லீன்காரருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை எனக்குக் கொடுங்கள்" என்று கேட்கலாம். மிச்சம் வரும் என்று தெரிந்த நிலத்தின் சொந்தக்காரர்தானே கேட்பார்? ஐந்நூறு டாலர் மனைக்காரர் கேட்க மாட்டார். ஆக, சல்லிசாக நல்ல நிலம் வந்து விழும் வாய்ப்பு சட்டப்படியே சுருங்கிவிட்டது, யாருக்கும் வேண்டாத நிலம் முழுசாக நம் தலையில் விழும் வாய்ப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. வீடியோவில் இதைச் சொன்ன ஒருவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

நான் ஒரு மனைக்குக் கடைசிவரை போனேன். நவஹோ கவுண்டியில் ஹோல்ப்ரூக் ஊருக்குத் தெற்கே ஒன்றேகால் ஏக்கர், கவுண்டி மதிப்பு 700 டாலர். லீனும் அதற்கப்புறம் வந்த வருடங்களின் வரியும் சேர்த்து இருநூறுக்குள்தான் போட்டிருந்தேன். நேரில் போய்ப் பார்த்தபோது தார்ச்சாலையிலிருந்து இறங்கிய மண்பாதை ஓர் ஓடையைக் கடந்தது, காய்ந்த ஓடைதான், ஆனால் கரையில் ஆள் உயரத்துக்குச் செடிகளில் குப்பை சிக்கியிருந்தது, ஜூலை மழையில் தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று அளந்து காட்டுகிற மாதிரி. மனையின் ஒரு மூலையில் மட்டும் சர்வேயர் அடித்த கம்பி, தலையில் வெளுத்துப்போன ஆரஞ்சு பிளாஸ்டிக் மூடி. மற்ற மூன்று மூலையும் நம்பிக்கைதான். பக்கத்து மனையில் ஒரு டிரெய்லர், சோலார் தகடுகள், தண்ணீருக்கு வெள்ளை டேங்குகள். அங்கே குடியிருந்த பெரியவர் தன் மனையோடு இதையும் சேர்த்துக்கொள்ள ஆசைப்பட்டார், பத்திரம் சுத்தமாக இருந்தால் 1,500 தருகிறேன் என்றார். வழக்குப் போடலாம் என்று நான் தீர்மானித்தது அந்தப் பேச்சுக்கு அப்புறம்தான், நிலத்தைப் பார்த்து இல்லை.

நோட்டீஸ் எதிர்பார்த்தபடியே திரும்பி வந்தது, உறையில் மஞ்சள் ஸ்டிக்கரோடு. இறந்தவர் அறிவிப்புகளைத் தேடிப் பார்த்ததில் சொந்தக்காரர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியிருந்தது, மகள் ஒருவர் கிடைத்தார். போனில் முதலில் என்னை ஏதோ மோசடிக்காரன் என்றே நினைத்தார், அதில் தப்பில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அப்புறம், "அப்பா ரிட்டயர் ஆனதும் அரிசோனா போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பார், இதுதானா அது?" என்று சிரித்தார். அவர் எழுதிக் கொடுக்கத் தயார். ஆனால் ஒரு சகோதரர் இருக்கிறார், எங்கே என்று அவருக்கே தெரியாது. அதனால் விளம்பரம், பிரமாணப் பத்திரம், எல்லாம். வக்கீல் வைக்காமல் நானே தாக்கல் செய்தேன், அப்படியும் கோர்ட் கட்டணம், டைட்டில் அறிக்கை, விளம்பரம், சம்மன் கொண்டு கொடுத்தவர் கூலி எல்லாம் சேர்ந்து ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. பெரியவர் சொன்ன சொல் தவறாமல் 1,500-க்கு வாங்கிக்கொண்டார். லாபம் என்று ஏதோ வந்தது, அந்த நேரத்துக்கு ஓவர்டைம் பார்த்திருந்தால் இதைவிட நன்றாக வந்திருக்கும். அவர் இல்லாவிட்டால் நான் அந்த வழக்கைப் போட்டே இருக்க மாட்டேன், லீனைக் காலாவதியாக விட்டிருப்பேன்.

பத்திரம் கையில் வந்தபின் என்ன செய்வார்கள் என்றால், பெரும்பாலோர் "முன்பணம் 99, மாதம் 99" என்று இணையத்தில் தவணைக்கு விற்பார்கள். நிலத்தின் உரிமையில் சிக்கல் வந்தால் ஈடு கட்டும் டைட்டில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் வரிப் பாக்கியில் வந்த பத்திரம் என்றாலே முகம் சுளிக்கும், அரிசோனாவில் கோர்ட் வழியாக வருவதால் பரவாயில்லை, சில மாநிலங்களில் அதற்கு இன்னொரு வழக்கு. தவணைக்கு வாங்கியவர் ஒருநாள் காரை எடுத்துக்கொண்டு நேரில் போவார், பாதை மாநில அரசு வைத்திருக்கும் ஸ்டேட் டிரஸ்ட் நிலத்துக்குள் போகிறது, அதில் கால் வைக்கவே பெர்மிட் வேண்டும் என்று அங்கேதான் தெரியவரும். தவணை நிற்கும், வரி நிற்கும், சில வருடத்தில் அதே மனை மறுபடி பிப்ரவரிப் பட்டியலில். ஒரே மனை எண்ணை நானே இப்படி இரண்டாவது முறை பார்த்திருக்கிறேன், பெயர் மட்டும் வேறு.

அதனால் சின்ன மனை லீன் வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு நான் சொல்வது, வாங்கும் முன்பே யாருக்கு விற்பேன் என்று கைகாட்டத் தெரிய வேண்டும். பக்கத்து மனைக்காரர்தான் பெரும்பாலும் அந்த ஆள், கவுண்டி இணையதள வரைபடத்தில் பக்கத்து மனைகளின் சொந்தக்காரர் யார், வரி ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். மூன்று வருடம் முடிந்தபின் நேரே கோர்ட்டுக்கு ஓடாமல் சொந்தக்காரருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். "இந்த மனை உங்களுக்கு வேண்டாம் என்றால் இவ்வளவு தருகிறேன், குவிட்க்ளெய்ம் பத்திரத்தில் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்" என்று. இருநூறு டாலர் கொடுத்தாலும் வழக்கைவிட மலிவு, அவருக்கும் வெறுங்கையாகப் போவதற்குப் பதில் ஏதோ கிடைக்கிறது. அரிசோனாவில் பத்திரம் பதிய முப்பது டாலர்தான். ஒன்று மட்டும் கவனம், அவருக்கு இருக்கும் உரிமை எதுவோ அதுதான் இந்தப் பத்திரத்தில் வரும், வில்லங்கம் இருந்தால் அதுவும் கூடவே வரும். அதனால் டைட்டில் அறிக்கைக்குக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

எல்எல்சி, அதாவது சொந்தப் பெயருக்குப் பதில் தொடங்கும் சின்னக் கம்பெனி, பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். வீடியோ பார்த்துவிட்டு முதல் வேலையாக எல்எல்சி தொடங்கி அதன் பெயரில் லீன் வாங்குகிறார்கள். இங்கே தனி ஆள் தன் வழக்கைத் தானே நடத்தலாம், எல்எல்சிக்கு அந்தச் சலுகை இல்லை, சுப்பீரியர் கோர்ட்டில் வக்கீல் வைத்தே ஆக வேண்டும். அறுபது டாலர் லீனுக்கு இரண்டாயிரம் டாலர் வக்கீல். ஏற்கெனவே அப்படி வாங்கிவிட்டவர்கள் டிரஷரர் அலுவலகத்தில் சான்றிதழை உங்கள் சொந்தப் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், கட்டணம் சொற்பம்தான், ஆனால் வழக்குப் போட்டபின் மாற்றினால் சிக்கல், முன்னாலேயே செய்துவிடுங்கள்.